'போலீசை விட்டு மிரட்டுங்க சார்'

வியாசர்பாடியில் சாயங்கால நேரத்தில் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன், ஆறேழு வருஷமாக. இதற்குள் நாலைந்து பெற்றோர் ஒரே உதவியை என்னிடம் கேட்டுவிட்டார்கள். கடைசியாகக் கேட்டவர் காசிமேட்டில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்கும் ஓர் அம்மா. "சார், ஸ்டேஷன்ல உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க சார். ஒரு நாளு கூட்டிக்கினு போயி உக்கார வெச்சி, ரெண்டு தட்டு தட்டி மெரட்டி அனுப்பட்டும். எங்க பேச்சு எடுபடல."

பையனுக்கு வயது 11. ஸ்கூலுக்கு என்று கிளம்பி ஜீவா ரயில் ஸ்டேஷன் பக்கம் சுற்றுகிறான், மீன் விற்ற காசில் நூறு இருநூறு எடுத்துவிடுகிறான், கேட்டால் ஆயா தலைமேல் அடித்துச் சத்தியம் பண்ணுகிறான், பக்கத்து பிளாக் சின்னப் பையனைக் கல்லால் அடித்து மூன்று தையல். இதையெல்லாம் சத்தமாகச் சொன்னவர், இரண்டாவது மாடியிலிருந்து நாய்க்குட்டியைத் தூக்கிப் போட்டதைச் சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

ஸ்டேஷன் வேண்டாம் என்றேன். ஏன் வேண்டாம், அப்புறம் என்னதான் செய்வது என்று பேசி முடிக்க அன்றைக்கு ஒரு மணி நேரம் ஆனது. அதே கேள்வியோடு இருக்கிற மற்றவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. இந்தப் பிள்ளைகளோடு ஓபியில் காத்துக் கிடந்து, டாக்டர்களிடம் கேட்டு, தேடிப் படித்துத் தெரிந்துகொண்டதைத்தான் சொல்கிறேன்.

மனநல மருத்துவத்தில் இதற்கு காண்டக்ட் டிஸார்டர் என்று பெயர், தமிழில் நடத்தைக் கோளாறு. தெருவில் இதற்கு வேறு பெயர்கள் உண்டு: தறுதலை, உருப்படாதது, சின்ன ரவுடி. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 கையேட்டில் 15 அறிகுறிகள் கொடுத்திருக்கிறார்கள், அவை நாலு வகைக்குள் வருகின்றன. ஆட்களையும் விலங்குகளையும் துன்புறுத்துவது; தீ வைப்பது உட்பட அடுத்தவர் பொருளை வேண்டுமென்றே நாசம் செய்வது; பொய், ஏமாற்று, திருட்டு; ராத்திரி வீட்டுக்கு வராமல் இருப்பது, வீட்டை விட்டு ஓடுவது, 13 வயதுக்கு முன்பே ஸ்கூலுக்கு மட்டம் போட ஆரம்பிப்பது போன்ற பெரிய மீறல்கள். இந்த 15இல் குறைந்தது மூன்று கடந்த 12 மாதத்துக்குள் நடந்திருக்க வேண்டும், குறைந்தது ஒன்று கடைசி 6 மாதத்துக்குள் இருக்க வேண்டும், அதனால் பிள்ளையின் படிப்போ வீடோ பழக்கவழக்கமோ கெட்டிருக்க வேண்டும். அப்போதுதான் டாக்டர் இந்தப் பெயரைச் சொல்வார். பல நாட்டுக் கணக்குகளைச் சேர்த்துப் பார்த்தால் நூறு பிள்ளைகளில் சுமார் 4 பேர், அதில் பையன்கள் அதிகம். பெண் பிள்ளைகளிடம் அடிதடியைவிடப் பொய், வீட்டை விட்டுப் போவது, கூட்டாளிகளைப் பிரித்துவிட்டு ஒருத்தியை ஒதுக்கி வைப்பது இப்படி வெளிப்படும், அதனால் கண்ணில் படவே தாமதமாகும்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வட சென்னைப் பையன் என்றாலே தலைமுடியைப் பார்த்து, பேச்சைக் கேட்டு முத்திரை குத்துகிற பழக்கம் ஊருக்கு இருக்கிறது. புள்ளிங்கோ கட்டிங் அறிகுறி இல்லை. 'இன்னாடா' என்று பேசுவதும் அறிகுறி இல்லை. சண்டை சச்சரவு சர்வசாதாரணமான, தற்காப்புக்காகவாவது முறைத்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிற இடத்தில் வளரும் பிள்ளைக்கு இந்தப் பெயரைத் தவறாகப் போட்டுவிடும் ஆபத்து உண்டு என்று அந்தக் கையேடே எச்சரிக்கிறது. ஒரு நாள் சண்டை போட்டான், ஒரு முறை காசு எடுத்தான் என்பதெல்லாம் கோளாறு ஆகாது. ஒரு வருஷமாகத் தொடர்கிறதா, வீடு, ஸ்கூல், தெரு என்று பரவியிருக்கிறதா, அடுத்தவருக்குக் காயமாகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

எப்போது ஆரம்பித்தது என்பதும் முக்கியம். டெரி மாஃபிட் என்ற உளவியலாளர் 1993இல் எழுதியது இன்றும் பயன்படுகிறது. நியூசிலாந்தின் டனிடின் நகரில் 1972, 73இல் பிறந்த சுமார் ஆயிரம் குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து தொடர்ந்து கவனித்து வரும் ஆய்வில் வேலை செய்தவர் அவர். பத்து வயதுக்குள்ளேயே ஆரம்பிக்கிறவர்கள் ஒரு கூட்டம், மீசை முளைக்கும் வயதில் கூட்டாளிகளோடு சேர்ந்து ஆரம்பிக்கிறவர்கள் இன்னொரு கூட்டம். இரண்டாவது கூட்டம்தான் பெரிது, அதில் பெரும்பாலோர் வேலை, குடும்பம் என்று வந்ததும் தானாக விலகிவிடுகிறார்கள். பஸ் கூரையில் ஏறி ஆடிக்கொண்டு, ரூட்டு தல என்று திரிந்த எத்தனையோ பேர் இன்றைக்கு மகளை பைக்கில் உட்கார வைத்து ஸ்கூலில் விடுகிறார்கள், நம் தெருவிலேயே பார்க்கலாம். முதல் கூட்டம் அப்படி இல்லை. அவர்களுக்குச் சீக்கிரம் உதவி வேண்டும். அந்த அம்மாவின் பையன் யூகேஜியிலேயே பென்சிலால் ஒரு பிள்ளையின் கையைக் குத்தியவன்.

ஏன் வருகிறது? ஒரே காரணம் கிடையாது. பிறவிக் குணத்துக்கும் பங்கு உண்டு, இரட்டைக் குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வுகள் ஏறக்குறையப் பாதி அளவுக்குப் பரம்பரை என்கின்றன. மீதி வீடும் தெருவும் ஸ்கூலும். சின்ன வயதில் பட்ட அடி, வீட்டில் குடி, அம்மாவுக்கே நீண்ட நாள் மனச்சோர்வு, கவனிக்க ஆளில்லாத நேரம். உடம்பில் ஈயம் சேர்வதும் இப்படிப்பட்ட நடத்தையோடு தொடர்புடையது என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வீட்டுக்குப் பக்கத்தில் பழைய பேட்டரியை உடைத்து உருக்குகிற இடம் இருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

அடிக்கடி கோட்டை விடுவது எதை என்றால், உள்ளே ஒளிந்திருக்கும் இன்னொரு பிரச்சினையை. ஏடிஎச்டி எனப்படும் கவனக்குறைவு, துறுதுறுப்புக் கோளாறு இந்தப் பிள்ளைகளில் நிறையப் பேருக்கு இருக்கும். படிப்பதிலேயே கோளாறு இருக்கும். நான் சொல்கிற பையன் ஆறாம் வகுப்பு, தமிழ்ப் பாடத்தில் ஒரு வரியை எழுத்துக் கூட்டித்தான் படிப்பான். வகுப்பில் எழுந்து படி என்றால் அவனுக்கு இரண்டே வழி. படித்துக் கேலிக்கு ஆளாவது, இல்லை மேஜையைத் தள்ளிவிட்டு வெளியே போவது. அவன் எதைத் தேர்ந்தெடுத்தான் என்பது ஸ்கூல் டைரியில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறது, ஏன் என்பது மட்டும் எழுதப்படவில்லை.

இன்னொன்று, முறைப்பு. எங்கள் பக்கம் முக்கால்வாசி சண்டை "இன்னாடா மொறைக்கிற" என்பதில்தான் தொடங்கும். கென்னத் டாட்ஜ் என்ற ஆய்வாளர் 1980இலிருந்து இதைத்தான் ஆராய்ந்தார். அடாவடி செய்யும் பிள்ளையிடம், இரண்டு அர்த்தம் எடுக்கக்கூடிய ஒரு சம்பவத்தைக் கொடுத்தால், உதாரணத்துக்கு ஒருவன் இடித்துவிட்டுப் போகிறான் என்றால், 'தெரியாமல் இடித்தான்' என்று அது எடுத்துக்கொள்ளாது, வேண்டுமென்றே இடித்தான் என்றே எடுத்துக்கொள்ளும். சின்ன வயதில் அடி வாங்கிய பிள்ளைகளிடம் இது அதிகம் என்று அவரும் கூட இருந்தவர்களும் பிறகு காட்டினார்கள். யோசித்தால் புரிகிறது. எந்த நேரம் கை ஓங்கப்படும் என்று தெரியாத வீட்டில் வளர்கிறவனுக்கு, எல்லா முகத்திலும் கோபத்தைத் தேடுவது உயிர் பிழைக்கிற வித்தை. வெளியே வந்த பிறகும் அந்தக் கண்ணை அவனால் மூட முடிவதில்லை.

சரி, இப்போது வீட்டுக்குள் வருவோம், விஷயமே அங்கேதான் இருக்கிறது. அந்த அம்மாவின் வீடு ஹவுசிங் போர்டில் ஒற்றை அறை. ராத்திரி ஒன்பதரை மணி. இரண்டு மணிக்கு எழுந்து காசிமேட்டுக்குப் போக வேண்டும், பையன் போனில் ஃப்ரீ ஃபயர் ஆடுகிறான். "வெச்சிட்டுப் படுடா." பதில் இல்லை. "டேய், உன்னத்தான்." உம் என்கிறான். மூன்றாவது தடவை கத்துகிறார், அவன் அதைவிடச் சத்தமாகக் கத்துகிறான். போனைப் பிடுங்கப் போகிறார், சொம்பு பறந்து போய்ச் சுவரில் பட்டு நசுங்குகிறது. பக்கத்து வீட்டுக் கதவு திறக்கிறது. "எக்கேடோ கெட்டு ஒழி" என்று அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். போன் அவன் கையிலேயே இருக்கிறது.

அமெரிக்காவின் ஆரிகனில் ஜெரால்ட் பேட்டர்சன் என்பவர் வீடு வீடாக ஆட்களை அனுப்பி, குடும்பங்கள் பேசிக்கொள்வதை நிமிஷ நிமிஷமாகக் குறித்து, கண்டுபிடித்தது இந்தச் சுழற்சியைத்தான். அந்த ராத்திரி பையன் என்ன கற்றுக்கொண்டான்? சொம்பை வீசினால் ஜெயிக்கலாம். அம்மா என்ன கற்றுக்கொண்டார்? விட்டுவிட்டால் சத்தம் அடங்கும், தூங்கலாம். இரண்டு பேருக்கும் அந்த நேரத்துக்கு நிம்மதி கிடைத்தது, அதனால்தான் நாளைக்கும் இதே நடக்கும், இன்னும் கொஞ்சம் சத்தமாக. மூன்றாம் நாள் அப்பா குடித்துவிட்டு வந்து பெல்ட்டை எடுக்கிறார். அப்போது பையன் அடங்குகிறான், ஆகவே பெல்ட்தான் சரி என்று அப்பா கற்றுக்கொள்கிறார், பலசாலி அடிக்கலாம் என்று பையன் கற்றுக்கொள்கிறான். மறுநாள் அவனைவிடச் சின்னவன் மண்டையில் கல்.

இதில் அம்மா மேல் பழி போட எனக்கு மனசு வராது. இரண்டு மணிக்கு எழ வேண்டியவர் ஒன்பதரைக்குத் தோற்றுப்போவது குற்றமா? பேட்டர்சன் சொன்னதிலும் யார் கெட்டவர் என்ற பேச்சு இல்லை, இரண்டு பக்கமும் ஒரே வலையில் மாட்டியிருக்கிறார்கள் என்பதுதான். வலையை அவிழ்க்க வேண்டிய பொறுப்பு பெரியவர் பக்கம் இருக்கிறது, அவ்வளவே.

இப்போது போலீஸ் விஷயம். 1970களில் நியூ ஜெர்சியின் ராவே சிறைக்குத் தப்பு செய்யும் பையன்களைக் கூட்டிப்போய், ஆயுள் கைதிகளை விட்டுக் கத்தவும் மிரட்டவும் வைக்கும் திட்டம் ஒன்று தொடங்கியது. ஸ்கேர்ட் ஸ்ட்ரெய்ட் என்று பெயர். ஊரெல்லாம் பாராட்டினார்கள். பிறகு சீட்டுக் குலுக்கிப் போட்டது போல ஒரு பாதியைக் கூட்டிப்போய், மறுபாதியைக் கூட்டிப்போகாமல் விட்டு ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், மிரட்டப்பட்டவர்கள்தான் பின்னால் அதிகம் குற்றம் செய்திருந்தார்கள். சும்மா விட்டிருந்தாலே தேவலை. ஹாஸ்டலில் தள்ளிவிடலாம் என்று நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: தப்பு செய்யும் பையன்களை மட்டும் ஒன்றாகச் சேர்த்து வைத்தால் ஒருவனிடமிருந்து ஒருவன் கற்றுக்கொள்கிறான், சிரித்துச் சிரித்து உற்சாகப்படுத்திக்கொள்கிறார்கள், இதுவும் ஆய்வில் தெரிந்ததுதான். சட்டமும் நம் பக்கம்தான். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி 18 வயது ஆகாத பிள்ளையை லாக்கப்பிலோ ஜெயிலிலோ வைக்கவே கூடாது. உண்மையிலேயே வழக்கு என்று வந்தாலும் அது போவது இளைஞர் நீதிக் குழுமத்துக்கு, அங்கே மாஜிஸ்திரேட்டோடு இரண்டு சமூகப் பணியாளர்களும் உட்காருவார்கள், கவுன்சலிங்குக்கும் போதை மறுவாழ்வுக்கும் அனுப்புகிற அதிகாரம் அவர்களுக்கு உண்டு.

அப்போது என்னதான் வேலை செய்கிறது? மூன்றிலிருந்து பதினொன்று வயது வரை அதிக ஆதாரம் உள்ள சிகிச்சை, பெற்றோருக்கான பயிற்சி. இதைக் கேட்டதும் அந்த அம்மாவின் முகம் மாறியது. "அவனுக்குத்தான சார் கொணம் செரியில்ல, எனுக்கு எதுக்கு ட்ரெய்னிங்?" நியாயமான கேள்வி. டாக்டர் வாரத்துக்கு அரை மணி நேரம் பார்க்கிறார், நீங்கள் மீதி நேரம் முழுக்கப் பார்க்கிறீர்கள், மருந்து உங்கள் கையில்தான் இருக்கிறது என்று சொன்னேன். இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2013இல் வெளியிட்ட வழிகாட்டியில் பத்திலிருந்து பதினாறு அமர்வு வரை என்று போட்டிருக்கிறார்கள். நம்மூர் ஓபியில் அத்தனை கிடைப்பது கஷ்டம். ஆனால் உள்ளடக்கம் எளிது, வீட்டிலேயே ஆரம்பிக்கலாம்.

முதலில் உறவு. தினமும் பத்துப் பதினைந்து நிமிஷம், அவன் சொல்கிற விளையாட்டு, அறிவுரை இல்லாமல், கேள்வி கேட்காமல். அந்த அம்மா கூடையைக் கழுவும்போது அவனைத் தண்ணீர் ஊற்றச் சொல்லி, அந்த நேரத்தை அதற்கு வைத்துக்கொண்டார். அப்புறம் பாராட்டு. 'நல்ல பையன்' என்று மொத்தமாகச் சொல்லாமல், 'குடத்த நீயே தூக்கினு வந்தியே' என்று செய்ததைச் சொல்லி, செய்த உடனே. முணுமுணுப்பு, கண்ணை உருட்டுவது போன்ற சின்ன விஷயங்களைக் கண்டுகொள்ளக் கூடாது. கட்டளை ஒன்றே ஒன்று, கிட்டே போய், பேரைச் சொல்லி, ஒரே தடவை. கேட்கவில்லை என்றால் சின்னத் தண்டனை, ஆனால் நிச்சயமாக, அன்றைக்கே. ஒரு மாசத்துக்கு போன் கிடையாது என்று ஆத்திரத்தில் சொல்லி மறுநாளே கொடுப்பதைவிட, நாளைக்கு அரை மணி நேரம் குறையும் என்று சொல்லிக் குறைப்பது பல மடங்கு மேல்.

வெளிநாட்டுப் புத்தகங்களில் 'தனி அறைக்கு அனுப்பு' என்று இருக்கும். ஒற்றை அறை வீட்டில் எங்கே அனுப்புவது? அனுப்ப வேண்டாம். அம்மா வாசற்படியில் போய் உட்காரலாம், சண்டையிலிருந்து ஒருவர் விலகினால் போதும். ஒற்றை அறையில் பெரிய சிக்கல் ஆட்கள்தான். அம்மா போனைக் குறைத்தால் ஆயா பத்து ரூபாய் கொடுத்து சமாதானப்படுத்துவார், அப்பா வந்தால் எல்லாமே தலைகீழ். எல்லோரும் ஒரே வார்த்தை சொல்லும் நாள் வரும் வரை காத்திருக்காமல், ஒருவர் ஆரம்பிக்க வேண்டும். கூடவே இதையும் தெரிந்துகொள்ளுங்கள்: முதலில் கொஞ்ச நாள் நிலைமை மோசமாகலாம். இதுவரை சொம்பு வீசி ஜெயித்தவன், இனி ஜெயிக்கவில்லை என்றால் முதலில் இன்னும் பெரிய பாத்திரத்தைத்தான் வீசிப் பார்ப்பான். பலர் கைவிடுவது இந்த இடத்தில்தான். இங்கே விட்டுக்கொடுத்தால் பெரிய பாத்திரம்தான் வேலை செய்கிறது என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததாகிவிடும்.

இரக்கமே இல்லாத மாதிரி தெரியும் பிள்ளைகள் கொஞ்சம் பேர் உண்டு. தப்பு செய்துவிட்டு வருத்தம் இல்லை, அடுத்தவர் அழுதால் முகத்தில் ஒன்றும் தெரியாது. அடுத்தவர் முகத்தில் இருக்கும் பயம் இவர்கள் மூளையில் மற்றவர்களுக்குப் பதிவாகிற அளவுக்குப் பதிவாவதில்லை, தண்டனைக்கும் அவ்வளவாக அசைய மாட்டார்கள். இவர்களைப் பிறவி ரவுடி என்று கைகழுவுவதுதான் வழக்கம். அது தப்பு. தண்டனை எடுபடாத இவர்களிடமும் பரிசும் பாசமும் எடுபடும், எவ்வளவு சின்ன வயதில் ஆரம்பிக்கிறோமோ அவ்வளவு நல்லது.

பதின்ம வயதுக்காரர்களுக்கு வீடு மட்டும் போதாது. வீடு, ஸ்கூல், கூட்டாளி, தெரு எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பிடிக்க வேண்டும், மூன்றிலிருந்து ஐந்து மாதம் ஒரே ஆள் குடும்பத்தோடேயே இருந்து செய்யும் சிகிச்சை முறை ஒன்று இதற்காகவே உண்டு. நம்மால் முடிந்தது, அவன் யாரோடு சுற்றுகிறான், அந்தப் பையன்களின் வீட்டு நம்பர் என்ன, சாயங்காலம் நாலிலிருந்து எட்டு வரை எங்கே இருக்கிறான் என்று தெரிந்துவைத்திருப்பது. ஃபுட்பால், பாக்சிங், கேரம், எங்கள் பக்கம் இதற்குக் குறைவில்லை, பெரியவர் ஒருவர் கூட நிற்கிற இடமாகப் பார்த்து அனுப்புங்கள். கூல் லிப், சொல்யூஷன், வலி மாத்திரை என்று போதைப் பழக்கம் தொற்றியிருந்தால் அதற்குத் தனியாக சிகிச்சை வேண்டும். ஸ்கூலில் டீசி கொடுத்துவிடுவோம் என்று மிரட்டினால், எட்டாம் வகுப்பு முடியும் வரை எந்தப் பிள்ளையையும் வெளியேற்றக் கூடாது என்று 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் சொல்வதைப் பணிவாக எடுத்துச் சொல்லுங்கள். ஸ்கூலை விட்டு வெளியே வந்த பையனுக்குக் காத்திருக்கும் கூட்டம் எது என்று எல்லோருக்கும் தெரியும்.

மாத்திரை? நடத்தைக் கோளாறுக்கென்று தனி மருந்து கிடையாது. ஏடிஎச்டி இருந்தால் அதற்கு மெத்தில்ஃபெனிடேட் போன்ற மருந்து கொடுப்பார்கள், பல பிள்ளைகளுக்குச் சண்டையும் சேர்ந்தே குறையும். மற்ற எதுவும் எடுபடாமல் ஆவேசம் மிகக் கடுமையாக இருந்தால் ரிஸ்பெரிடோன் என்ற மருந்து கொஞ்ச நாளைக்கு. அதனால் எடை கூடும், சர்க்கரை பார்க்க வேண்டும், ஆகவே டாக்டர் கண்காணிப்பில்தான். நாமாக ஆரம்பிக்கவும் கூடாது, நாமாக நிறுத்தவும் கூடாது.

எங்கே போவது என்றதும் அந்த அம்மா கேட்டார், "கீழ்ப்பாக்கமா சார்?" அந்தச் சொல்லை இந்த ஊர் எத்தனை வருஷமாகக் கிண்டலுக்கு வைத்திருக்கிறது. 1794இலிருந்து இருக்கும் அரசு மனநல மருத்துவமனை அது, குழந்தைகளுக்குத் தனிப் பிரிவு உண்டு, பைத்தியம் என்று யாரும் சீட்டில் எழுதிக் கொடுக்க மாட்டார்கள். அது வேண்டாம் என்றால் ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது, பணம் கட்ட வேண்டியதில்லை. போனில் பேச அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, தமிழிலேயே பேசலாம். பிள்ளையை யாராவது துன்புறுத்துகிறார்கள் என்றால் குழந்தைகள் உதவி எண் 1098. தாயத்து கட்டுவதோ தர்காவுக்குப் போவதோ சர்ச்சில் ஜெபம் பண்ணுவதோ மனசுக்கு ஆறுதல் என்றால் செய்யுங்கள், அதோடு ஓபிக்கும் போங்கள். போகும்போது ஸ்கூல் டைரி, ரேங்க் கார்டு, எந்த வயதில் எது ஆரம்பித்தது என்ற குறிப்பு, இவற்றை எடுத்துப் போனால் டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம். படிப்பு வருகிறதா என்று சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். உங்களுக்கே தூக்கம் இல்லை, அழுகையாக வருகிறது என்றால் அதையும் சொல்லுங்கள், அதற்கும் சீட்டு போடலாம்.

இந்தப் பெயர் வாங்கிய பிள்ளைகளில் பெரும்பாலோர் பெரியவர்களாகும்போது இதிலிருந்து வெளியே வந்துவிடுகிறார்கள். இது ஆறுதலுக்காகச் சொல்வது இல்லை, கையேட்டிலேயே இருக்கிறது.

அந்தப் பையனுக்கு ஏடிஎச்டி இருப்பதாகச் சொல்லி மருந்து ஆரம்பித்திருக்கிறார்கள். மூன்று மாதமாகிறது. இன்னும் பொய் சொல்கிறான். போன வாரம் ஸ்கூலில் ஒருவன் சட்டையைக் கிழித்தான். கல்லெடுக்கவில்லை. ஒன்பது மணிக்கு போன் பீரோ மேல் போகிறது, சில நாள் முனகலோடு, இரண்டு நாள் சத்தத்தோடு. என்னிடம் தினம் இருபது நிமிஷம் முதலாம் வகுப்புப் புத்தகம் படிக்கிறான், மற்ற பிள்ளைகள் வருவதற்கு முன்பே வந்துவிடுவான், அட்டைக்குச் செய்தித்தாள் சுற்றிவைத்திருக்கிறான், எந்த வகுப்புப் புத்தகம் என்று தெரியாதபடி. அடுத்த ஓபி செவ்வாய்க்கிழமை. அன்றைக்கு மீன் எடுக்கப் போக முடியாது, ஒரு நாள் காசு போகும். அதனால் தானே கூட்டிப் போவதாக ஆயா சொல்லியிருக்கிறார், டாக்டர் என்ன சொல்கிறார் என்று தன் காதால் கேட்க வேண்டுமாம்.